முந்தி அடித்த மணி

"டீச்சர், எழுத்து ஓடுது. கதைதான் நகரமாட்டேங்கு."

சொரிமுத்து இதைச் சொன்னபோது வடிவம்மை டீச்சர் வாழைக்காய் பஜ்ஜியைத் தாளில் வைத்து எண்ணெய் ஒற்றிக்கொண்டிருந்தார்.

"நல்லா ஓடுதுல்லா?"

"நல்லாவா? வார்த்தைக் கணக்குல நம்ம கூட்டத்துல நான்தான் முதல்."

"பொறவு என்ன குறை?"

"என் கதை ஆளு வாசல்லயே நிக்கான் டீச்சர். சித்திரையில வந்து நின்னான். ஆடி பொறந்துட்டு. இன்னும் நிக்கான்."

டீச்சர் பஜ்ஜியைக் கடித்தார், மென்றார், விழுங்கினார்.

"பாவம், கால் வலிக்கும்லா" என்றார்.

பிறகு எழுந்துபோய் மணியை அடித்துவிட்டார். மணி அடித்தால் பேசக் கூடாது. சொரிமுத்து தன் இடத்துக்குப் போய், வாசலில் நிற்பவனுடைய கால்களைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினார்.

சொரிமுத்து லேசுப்பட்ட ஆள் இல்லை. மின்வாரியத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஒரு நாவல் எழுதியவர். அதற்குப் பரிசு வந்தது, பொன்னாடை வந்தது, கல்லூரியில் பாடமாகவும் வைத்தார்கள். பாளையங்கோட்டையில் அவர் டீக்கடைக்குப் போனால் யாராவது "வாங்க அண்ணாச்சி" என்று எழுந்து இடம் கொடுப்பார்கள்.

இரண்டாவது நாவல் மட்டும் வரவில்லை.

வருஷக்கணக்காக வரவில்லை. மின்விசிறி சத்தம் என்றார். பக்கத்து வீட்டு நாய் என்றார். வேலைக்கும் போய்க்கொண்டு எப்படி எழுத என்றார். ஓய்வும் பெற்றார், நாயும் செத்தது, அப்போதும் வரவில்லை. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம் என்று மனைவி பேச்சியம்மாள் ஒருநாள் சுவரைப் பார்த்துச் சொன்னாள். அதோடு மின்விசிறியைக் குறை சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

வடிவம்மை டீச்சர் அவரைவிட வயதில் ரொம்பச் சின்னவர். மார்க்கெட் பக்கம் ஒரு ஜூஸ் கடைக்கு மேலே, மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துகிறார். மாதம் ஒரு நாவல் எழுதுகிறார். பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் கிளிப் போட்டுத் தொங்குமே, அந்த நாவல். ஒரு மாதம்கூடத் தவறியதில்லை.

சொரிமுத்து அதில் ஒன்றையும் வாசித்ததில்லை. வாசித்ததில்லை என்பதை மேடையிலேயே சொல்லியிருக்கிறார்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு அந்த மாடிப்படி ஏறினார்.

ஞாயிறு அங்கே வகுப்பு கிடையாது. மெஷின்களுக்கு உறை போட்டிருக்கும். எழுத ஆசைப்பட்ட பத்துப் பன்னிரண்டு பேர் நோட்டும் லேப்டாப்புமாக அவற்றுக்கு நடுவே வந்து உட்காருவார்கள். டீச்சர் மணி அடிப்பார். அரை மணி நேரம் ஒரே அமைதி. யாரும் எழுந்திருக்கக் கூடாது. மறுபடி மணி. பாதி வார்த்தையில் இருந்தாலும் பேனாவை வைத்துவிட வேண்டும்.

அப்புறம் ஒவ்வொருவராக, எத்தனை வார்த்தை என்று சொல்ல வேண்டும். எல்லாரும் கை தட்டுவார்கள். என்ன எழுதினாய் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. டீ குடித்துவிட்டு மறுபடி உட்கார வேண்டும்.

பரீட்சைக்கு வேகம் பழகும் பிள்ளைகளுக்குத்தானே இது, நாவலாசிரியனுக்கு எதற்கு என்றுதான் அண்ணாச்சி நினைத்தார். ஆனால் மணி அடித்ததும் பக்கத்தில் பத்துப் பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. இவருடைய பேனாவும் ஓடியது. காய்ந்த மாடு கம்பில் விழுந்த மாதிரி எழுதினார். வீட்டுக்குப் போகும்போது பேச்சியம்மாளுக்கு அல்வா வாங்கிக்கொண்டு போனார்.

நாவல் இதுதான். வீட்டைவிட்டுப் போன மகன் ஒருவன் பல வருஷம் கழித்துத் திரும்பி வருகிறான்.

முதல் ஞாயிறு அவன் பஸ்ஸிலிருந்து இறங்கினான். அடுத்த ஞாயிறு தெருவுக்குள் வந்தான். அதற்கடுத்த ஞாயிறு வாசலில் வந்து நின்றான்.

அன்றிலிருந்து நிற்கிறான்.

சொரிமுத்து கதவை எழுதினார். கதவின் மரத்தை எழுதினார், அந்த மரம் நின்ற மலையை எழுதினார், மரத்தை இழைத்த ஆசாரியின் இரண்டாம் கல்யாணத்தை எழுதினார். நிலைப்படியில் போகும் எறும்பை எழுதினார். எல்லாம் நல்ல வாக்கியங்கள். வார்த்தை எண்ணிக்கை சொல்லும்போது மற்றவர்கள் ஆவென்று பார்த்தார்கள். அந்தக் கைதட்டல் அவருக்குப் பிடித்திருந்தது. பிடிக்காமல் என்ன.

வீட்டில் படுத்தால் மட்டும் தூக்கம் வரவில்லை. எழுதுகிறோமா, எழுதாமல் இருக்கிறோமா என்றே அவருக்கு விளங்கவில்லை.

அடுத்த ஞாயிறு மறுபடியும் டீச்சரிடம் போனார்.

"கதவைத் திறந்தா உள்ள யாரு இருக்கா?" என்று கேட்டார் டீச்சர்.

"அப்பன்."

"அவரு என்ன சொல்லுவாரு?"

சொரிமுத்து நோட்டைத் திறந்தார். மூடினார்.

"அதுதான் தெரியல."

"தெரியாமத்தான் இவ்வளவு எழுதுதீயளா?"

"நீங்கதானே டீச்சர் மணி அடிச்சு எழுத வச்சீய?"

"நானா?" என்றார் டீச்சர். நிஜமாகவே ஆச்சரியப்பட்ட மாதிரி இருந்தது.



டீச்சர் ஜன்னல் பக்கம் இருந்த பித்தளை மணியை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார்.

"அடுத்த வாரத்துலேர்ந்து நீங்க எழுத வேண்டாம். மணியப் பாத்துக்கிடுங்க."

"நானா?"

"எனக்கு மாசக் கடைசி. நாவல் குடுக்கணும். நானும் உக்காந்து எழுதணும்லா."

இது தனக்குச் சொன்ன வைத்தியமா, அல்லது உண்மையிலேயே மாசக் கடைசிதானா என்று சொரிமுத்துவுக்குத் தெரியவில்லை. கடைசிவரை தெரியவில்லை.

வீட்டில் சொன்னார். பேச்சியம்மாள் கீரை ஆய்ந்துகொண்டே, பென்ஷன் வாங்குகிறவருக்கு மணியாட்டுகிற வேலையும் கிடைத்துவிட்டதாக்கும் என்றாள். அவர் கோபித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். அவர் போனதும் அவள் போனை எடுத்து ஓசூருக்குப் பேசினாள். அவர் காதில் விழாதபடி தாழ்ந்த குரலில் பேசினாள். தினமும் அப்படித்தான்.

ஓசூரில் இருப்பது அவர்கள் மகன் நயினார்.

நயினாருக்குப் பேச்சு திக்கும். சின்ன வயதிலிருந்தே உண்டு. முதல் எழுத்தில் மாட்டிக்கொண்டால் வெளியே வர நேரம் ஆகும். சொரிமுத்துவின் பேர்பெற்ற நாவலில் கிளியான் என்று ஒரு பையன் வருவான், திக்கித் திக்கிப் பேசுவான். வாசித்தவர்கள் சிரித்தார்கள், அழுதார்கள், அந்தப் பையன்தான் நாவலுக்கே உயிர் என்றார்கள். அவன் பேசுகிற இடமெல்லாம் எப்படி அவ்வளவு அச்சு அசலாக வந்தது என்று கேட்டார்கள்.

எப்படி வந்தது என்று ஊருக்குத் தெரியும். சலூனில், ரேஷன் கடையில், பஸ்ஸில், எங்கே போனாலும் நயினாரைக் கிளியான் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பிரியமாகத்தான் கூப்பிட்டார்கள்.

அவன் ஓசூரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டான். அப்பாவிடம் பேசுவதில்லை. சண்டை ஒன்றும் இல்லை, போகும்போது வாசலில் நின்று சொல்லிக்கொண்டுதான் போனான் என்று சொரிமுத்து எல்லாரிடமும் சொல்வார். அவன் இல்லாத வீட்டில் இருப்பது அவருக்கு வேதனையாகத்தான் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிறு வந்தது. சொரிமுத்து சுவர்க்கடிகாரத்துக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மணியை அடித்தார். எல்லாரும் குனிந்தார்கள்.

இதுவரை அவர் குனிந்தே இருந்தவர். மற்றவர்கள் எழுதுவதை இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

ஒரு பையன் எழுத்துக்கு எழுத்து காலை ஆட்டினான். டீச்சர் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மாசக் கடைசி வேகத்தில் லேப்டாப்பில் தட்டிக்கொண்டிருந்தார். ஜன்னலோரம் பிலோமினா சும்மா இருந்தாள்.

பிலோமினா ஆஸ்பத்திரியில் நர்ஸ். இறந்துபோன ஒரு நோயாளியைப் பற்றிக் கதை எழுதுகிறாள் என்று கேள்வி. எண்ணிக்கை சொல்லும்போது எப்போதும் அவளுடையதுதான் குறைவு. சில சமயம் ஒன்றுமில்லை என்பாள். அதற்கும் கை தட்டுவார்கள்.

அவள் பேனாவைத் தாளுக்கு மேலே பிடித்திருந்தாள். இறக்கவில்லை.

சொரிமுத்து பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். திரும்ப அவளைப் பார்த்தார். பேனா அங்கேயே இருந்தது.

எழுதேன்மா என்று மனசுக்குள் சொன்னார். அவளுக்குப் பதிலாகத் தானே ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடலாம் போலிருந்தது. அதுவும் முடியாதே.

மணியை அடித்துவிட்டார்.

எல்லாரும் நிமிர்ந்தார்கள். கடிகாரத்தில் இன்னும் நேரம் இருந்தது.

"கை பட்டுட்டு" என்றார் அண்ணாச்சி.

டீ குடித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்கள். மறுபடியும் முந்தி அடித்தார். இந்தத் தடவை கடிகாரம் மெதுவாக ஓடுகிறது என்றார். காலாட்டும் பையன் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டான்.

அதற்கடுத்த ஞாயிறும் அதே கதை.

அன்றைக்கு அண்ணாச்சிக்கே வெட்கமாகிவிட்டது. வெட்கம் வந்தால் கோபமும் கூடவே வரும் அல்லவா. டீச்சரைத் தனியாகப் பிடித்தார்.

"டீச்சர், அந்தப் பிள்ளை எழுதவே இல்ல. சும்மா உக்காந்திருக்கு. பாக்கவே முடியல."

"அதனால?"

"மணி அடிச்சா எழுதணும்லா?"

"எழுதணும்னு நான் எப்பச் சொன்னேன்?"

சொரிமுத்து திகைத்துப்போனார்.

"மறுமணி அடிக்கது வரைக்கும் எந்திரிக்கக் கூடாதுன்னேன். பேசக் கூடாதுன்னேன். வேற ஏதாவது சொன்னேனா, நெனச்சுப் பாருங்க."

அவர் நினைத்துப் பார்த்தார். முதல் நாள் வந்ததிலிருந்து ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். வேறொன்றும் சொல்லவில்லை.

"அப்ப நான் இத்தனை நாளா எழுதினது?"

"நல்லாத்தான் இருக்கும்" என்றார் டீச்சர். "கதவப் பத்தித்தானே?"

சொரிமுத்து அன்றைக்கு வீட்டுக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு வேறு பஸ்ஸில் ஏறிவிட்டார். கண்டக்டர் கேட்டபிறகுதான் தெரிந்தது. மணி அடிப்பது எழுதுவதற்கு இல்லையென்றால் எதற்கு? எழுந்திருக்காமல் இருப்பதற்கு ஒரு மணியா? அதற்கு மாடி ஏறி வர வேண்டுமா, சாய்வு நாற்காலி போதாதா? பஸ்ஸில் நின்றபடி தன்னோடு தானே வாதாடினார். இரண்டு பக்கமும் தோற்றது.

இனிமேல் போகக் கூடாது என்று முடிவு செய்தார். ஞாயிறு காலையில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்குச் சரியாக அடித்தே தீருவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு மணியை மடியில் வைத்துக்கொண்டார். பிலோமினாவைப் பார்க்கவே கூடாது என்று சுவர்க்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கேட்டால்தானே. திரும்பிவிட்டது.

பிலோமினாவின் பேனா வழக்கம்போல அந்தரத்தில் நின்றது. ஆனால் உதடு அசைந்துகொண்டிருந்தது.

சத்தம் இல்லை. ஒரு சொல்லைத் தொடங்குகிறாள், விடுகிறாள், மறுபடி தொடங்குகிறாள். நெற்றியில் வியர்த்திருந்தது. பேனா முனை தாளைத் தொடப்போகிற மாதிரி இறங்கியது, நின்றது, நடுங்கியது.

அதைப் பார்த்துக்கொண்டிருக்க சொரிமுத்துவால் முடியவில்லை. ஐயோ போதும் என்றிருந்தது. அந்தப் பெண்ணை அந்தக் கஷ்டத்திலிருந்து விடுவிக்க வேண்டும் என்று நல்லெண்ணத்தோடுதான் நினைத்தார்.

மணியை அடித்தார்.

பிலோமினா பேனாவை வைத்தாள்.

எண்ணிக்கை சொல்லும்போது ஒன்றுமில்லை என்றாள். எல்லாரும் கை தட்டினார்கள். அவள் எழுந்து அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்தாள். கோபமாக இல்லை. கண் கலங்கியிருந்தது.

"இன்னும் செத்த நேரம் விட்டிருந்தா வந்திருக்கும் அண்ணாச்சி" என்றாள். "வாய் வரைக்கும் வந்துட்டு. அதுக்குள்ள நீங்க அடிச்சிட்டீய."

சொல்லிவிட்டு டீ எடுக்கப் போய்விட்டாள்.

சொரிமுத்து எழுந்திருக்கவில்லை.

அந்த மாதிரி உதடு அசைவதை அவர் இதற்கு முன் பார்த்திருக்கிறார். நயினார் வாசலில் பையோடு நின்ற காலையில் பார்த்தார். அவன் என்னவோ சொல்லத் தொடங்கினான். "போ" என்று வந்தது. "போ… போ…" என்று அதிலேயே நின்றது. நெற்றியில் வியர்த்துவிட்டது. அதைப் பார்க்கப் பொறுக்காமல், "போயிட்டு வாரேங்கியா? சரி, போயிட்டு வா" என்று இவரே முடித்துவைத்தார். அவனுக்கு ஐந்து வயதிலிருந்து அவன் வாக்கியங்களை இவர்தான் முடித்துவைக்கிறார். எழுத்தாளர் அல்லவா, நன்றாகவே முடிப்பார்.

நயினார் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தான். பையைத் தூக்கிக்கொண்டு போனான்.

சொல்லிக்கொண்டுதான் போனான் என்று இத்தனை வருஷமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அவன் எங்கே சொன்னான்?

டீ டம்ளரோடு நின்ற டீச்சரைப் பார்த்தார்.

"டீச்சர், அவன் என்ன சொல்ல வந்தான்?"

"யாரு?"

"என் மகன்."

டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவும் இல்லை.

"அத எங்கிட்டப் போயி ஏன் கேக்கீய?" என்றார்.

சொரிமுத்து மணியை நாற்காலியில் வைத்துவிட்டுப் படியிறங்கினார். மேலே மற்றவர்கள் அடுத்த சுற்றுக்கு உட்கார்ந்துவிட்டார்கள் போலிருந்தது. பேச்சுச் சத்தம் அடங்கிவிட்டது.

ஜூஸ் கடை ஓரமாக நின்று போனை எடுத்தார். நயினார் எண்ணைப் பேச்சியம்மாள் எப்போதோ அதில் போட்டு வைத்திருந்தாள். ஒருநாளும் இவர் அழைத்ததில்லை. இப்போது அழைத்தார். வெட்டிவிடுவான் என்று நினைத்தார்.

எடுத்தான்.

"அ…" என்றான். "அ… அ…"

அப்பா என்றுதான் சொல்ல வருகிறான். சொரிமுத்துவுக்கா தெரியாது. ஆமாய்யா, அப்பாதான் பேசுதேன் என்று எடுத்துக் கொடுக்க நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இடது கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டார்.

கடையில் மிக்ஸி ஓடியது, நின்றது. ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியது. கடைக்காரர் இவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"அ… அ… அடுத்த கதைக்கா?" என்றான் நயினார்.

சொரிமுத்துவுக்கு அழுகை வந்தது. இல்லை என்று சொல்ல ஏகப்பட்ட வாக்கியங்கள் வந்தன. எல்லாம் நல்ல வாக்கியங்கள்.

"இல்லய்யா" என்றார். "அன்னைக்கு வாசல்ல என்னமோ சொல்ல வந்தியே. அதச் சொல்லு."

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது.

சொரிமுத்து மறுபடி வாயைப் பொத்திக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தார்.